கையொப்பம் வேறு, ஒப்புதல் வேறு: எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் கருத்தடை உரிமை

எச்.ஐ.வி.யுடன் வாழும் கருவுற்ற பெண் எவரையும், அவர் முழுமையாக அறிந்து அளிக்கும் ஒப்புதல் இன்றிக் கருக்கலைப்புக்கோ கருத்தடை அறுவை சிகிச்சைக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 18ஆம் பிரிவு. 2018 செப்டம்பர் 10 முதல் இச்சட்டம் நடைமுறையில் உள்ளது. எந்த மருத்துவத் தலையீட்டுக்கும் ஒப்புதல் தேவை என்று 5ஆம் பிரிவு பொதுவாகவே கூறுகிறது. அதற்குப் பிறகும் கருப்பையைக் காக்கத் தனியொரு விதி தேவைப்பட்டிருக்கிறது.

ஒப்புதல் என்றால் என்ன என்பதை நமீபிய நீதிமன்றங்கள் தெளிவாக ஆராய்ந்துள்ளன. எச்.ஐ.வி.யுடன் வாழும் மூன்று பெண்களுக்கு அந்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. படிவங்களில் அவர்களது கையொப்பம் இருந்தது. ஆனால் அது பிரசவ வலியின் நடுவே பெறப்பட்டது. செய்யப்போகும் அறுவையைப் படிவம் 'பி.டி.எல்.' என்ற சுருக்கெழுத்தாலேயே குறித்தது. இதனை ஒப்புதலாகக் கொள்ள இயலாது என 2012இல் உயர் நீதிமன்றமும், 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. பிள்ளை பெறும் திறனைக் கைவிடுவதா என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும். அவள் நன்மைக்காக என்று மருத்துவர் முடிவெடுக்க அங்கு இடமில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. எனினும், எச்.ஐ.வி. காரணமாகவே அறுவை செய்யப்பட்டது என்ற பாகுபாட்டுக் குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கு நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்: காரணத்தை எவரும் படிவத்தில் எழுதி வைப்பதில்லை.

இந்தியாவில் இதற்கு இணையான தீர்ப்பு, 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தேவிகா பிஸ்வாஸ் வழக்கின் தீர்ப்பு. அது எச்.ஐ.வி. பற்றியதன்று. பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 53 பெண்களுக்கு நடத்தப்பட்ட முகாமிலிருந்து எழுந்த வழக்கு அது. கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு உத்தரவிட்ட நீதிமன்றம், அறுவையின் விளைவுகளைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும், மனம் மாற விரும்பினால் மாற ஏறத்தாழ ஒரு மணி நேர அவகாசம் தர வேண்டும் என்றும் கூறியது. பிரசவ அறையில் நீட்டப்படும் படிவத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு. எச்.ஐ.வி. இல்லாத பெண்ணுக்கே தெரிவு இவ்வளவு குறுகியது என்றால், கூலித் தொழிலாளியான, எச்.ஐ.வி.யுடன் வாழும் தலித் பெண் மறுத்துப் பேசும் வலிமை எத்தகையது?

'குழந்தைக்கும் தொற்றும்' என்ற வாதம் இன்று நிற்காது. எந்தத் தடுப்பும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. உரிய கூட்டு மருந்துச் சிகிச்சையில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழ் இறங்குகிறது. கருத்தடை வேண்டுவோருக்கும் வழிகள் பல. சிகிச்சையால் உடல்நலம் சீராக உள்ளவர்கள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளலாம். பழைய கூட்டு மருந்தில் இடம்பெற்ற எஃபாவிரென்ஸ், தோலடி ஹார்மோன் குச்சியின் பயனையும் அவசரக் கருத்தடை மாத்திரையின் பயனையும் குறைக்கக்கூடியது; டொலுடெக்ராவிரால் அச்சிக்கல் இல்லை. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வதும் ஆலோசனையின் பகுதிதான்.

டொலுடெக்ராவிருக்கே ஒரு வரலாறு உண்டு. 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த முதற்கட்டத் தரவுகள், அது கருவின் நரம்புக் குழாயைப் பாதிக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பின. உடனே பல நாடுகளில், நல்ல மருந்து வேண்டுமானால் கருத்தடை செய்துகொள் என்பதே பெண்களுக்கு நிபந்தனையாயிற்று. கூடுதல் தரவுகளில் அந்த ஐயம் சுருங்கிய பின், 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அனைவருக்கும் பரிந்துரைத்தது.

நம்பிக்கை மையங்களில் முதலில் வலியுறுத்தப்படுவது ஆணுறை. அது தேவையானதுதான். ஆனால் அதை அணிய வேண்டியவன் ஆண். தன் தொற்றைக் கணவனிடம் சொல்ல அஞ்சும் பெண்ணால் அதனை எப்படிக் கேட்க முடியும்? சொன்னால் வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ ஆளாவாள் என அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், மருத்துவரும் கணவனிடம் தெரிவிக்கக் கூடாது என்கிறது 9ஆம் பிரிவு. ஆகவே, அவள் கையிலேயே இருக்கும் இன்னொரு முறையும் தேவை.

மறுபுறமும் உண்டு: அறுவையை விரும்பிக் கேட்கும் பெண்ணை எச்.ஐ.வி. காரணமாகத் திருப்பி அனுப்புவது. இது 3ஆம் பிரிவு தடைசெய்யும் பாகுபாடு. இதற்கான முறையீட்டை மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் அளிக்கலாம். அவர் 30 நாள்களுக்குள் ஆணையிட வேண்டும். மருத்துவ அவசரம் எனில் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், பெயரை மறைத்து வழக்கு நடத்த 34ஆம் பிரிவின்கீழ்க் கோரலாம். எதுவாயினும் முதலில் ஒப்புதல் படிவத்தின் நகலையும் பிரசவ அறைக் குறிப்புகளையும் கேட்டுப் பெறுங்கள். கையொப்பமிட்ட நேரமும், அறுவை தொடங்கிய நேரமும், படிவத்தின் மொழியும்தான் வழக்கின் முதல் சான்றுகள்.