நடுவரின் கண்ணும் கருவியின் கண்ணும்

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்று சொன்னால் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை மோதித் தள்ளியும் முன்னேறுகிற முரட்டு ஆட்டம் அது. அந்நாட்டின் மற்றொரு பெரிய ஆட்டமான பேஸ்பாலை நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கொள்ளலாம். இவ்விரண்டில் எந்த ஆட்டத்தில் நடுவர் தீர்ப்பு நேர்மையாகவும் திருத்தமாகவும் இருக்கிறது என்பது அங்கே ஓயாத வாதம். ரசிகரின் கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளை ஆராய்வதுபோல இந்த வாதத்தை ஆராய்ந்து பார்ப்போமா?

இரு வகைக் கேள்விகள்

பேஸ்பால் நடுவரிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இடத்தையும் நேரத்தையும் பற்றியவை. பந்து தட்டின்மேல் சென்றதா, விலகிச் சென்றதா? ஓடுபவரின் கால் முதலில் தளத்தைத் தொட்டதா, பந்து முதலில் கையுறைக்குள் விழுந்ததா? கேள்வி எளியது, விடை காண்பதுதான் அரிது.

எவ்வளவு அரிது என்று நீங்களே கணக்கிடலாம். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். எறிபவரின் கையை விட்ட பந்து சுமார் 17 மீட்டரைக் கடந்து மட்டையாளரை அடைய 0.4 விநாடிதான் ஆகும். தட்டின் நீளம் 17 அங்குலம். அதைப் பந்து கடக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு! இதற்குள் நடுவர் பந்தின் உயரத்தையும் பக்க விலகலையும் கண்டுகொள்ள வேண்டும்.

முதல் தளத்தில் நிற்கும் நடுவர் மற்றோர் உத்தியைக் கையாள்கிறார். கண்ணால் ஓடுபவரின் காலைப் பார்க்கிறார். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேட்கிறார். அவர் 5 மீட்டர் தள்ளி நின்றால், ஒலி அவரை அடைய 0.015 விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 12 சென்டிமீட்டர் முன்னேறிவிடுவார். நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒலியின் வேகம் அவருக்காகக் கூடப்போவதில்லை.

ஃபுட்பாலில் நிலைமை வேறு. களத்தில் 22 பேர் ஒரே நேரத்தில் மோதிக்கொள்கிறார்கள். 1978 முதல் ஏழு நடுவர்கள் அவர்களைக் கண்காணிக்கிறார்கள். ‘பிடித்து இழுத்தாரா, வெறுமனே தொட்டாரா?’, ‘பந்து வருமுன் மோதியது வேண்டுமென்றா?’ என்பவை அளவுகோலுக்கு அகப்படாத கேள்விகள். இங்கே தேவைப்படுவது அளவீடு அன்று, மதிப்பீடு.

நேர்மை முதலில், திருத்தம் பிறகு

பேஸ்பாலின் நேஷனல் லீக் 1876 இல் தொடங்கியது. அந்நாளில் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நடுவர்தான். பந்து எங்கோ பறக்க, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓடுபவர்கள் தளத்தைத் தொடாமலே குறுக்கு வழியில் ஓடியது உண்டு. 1882 இல் டிக் ஹையம் என்ற நடுவர் சூதாட்டக்காரருடன் கூட்டுச் சேர்ந்தார் என்று கண்டு லீக்கிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் நடுவர்களின் எண்ணிக்கை கூடியது. நடுவர் பணி முழுநேரத் தொழிலாயிற்று. 1905 முதல் 1941 வரை பணியாற்றிய பில் கிளெம் 18 உலகத் தொடர்களில் நடுவராக நின்றார். ஃபுட்பால் நடுவர்களுள் பெரும்பாலோருக்கோ இன்றும் வேறு தொழில் இருக்கிறது. வார இறுதியில்தான் கோடு போட்ட சட்டை.

நடுவர்கள் நேர்மையானவர்கள் என்ற நம்பிக்கை வேரூன்றிய பின்னரே, ‘நேர்மையானவரும் தவறலாமே!’ என்ற அடுத்த கேள்வி எழுந்தது. அதை எழுப்பியது தொலைக்காட்சி. வீட்டில் இருப்பவர் நடந்ததை நிதானமாகத் திரும்பப் பார்க்கிறார். களத்தில் தீர்ப்புச் சொல்பவருக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை!

மறுபார்வை வந்த வழி

ஃபுட்பாலின் என்.எஃப்.எல். அமைப்பு 1986 இல் படச்சுருள் மறுபார்வையை ஏற்றது. நேரம் வீணாகிறது என்ற குறைகளுக்கிடையே 1992 இல் கைவிட்டது. 1998 டிசம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் வீரர் டெஸ்டவர்டி கோட்டை நோக்கிப் பாய்ந்தார். கோட்டைத் தாண்டியது அவருடைய தலைக்கவசம், பந்து தாண்டவில்லை. ஆயினும் புள்ளிகள் தரப்பட்டன. ஜெட்ஸ் 32–31 என வென்றது. மறு ஆண்டே மறுபார்வை திரும்பி வந்தது.

பேஸ்பால் இன்னும் பொறுமை காட்டியது. 1985 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், செயின்ட் லூயிஸ் அணி கோப்பையைப் பெற மூன்று பேரை வீழ்த்தினால் போதும். அப்போது முதல் தளத்தில் ஆட்டமிழந்த கான்சாஸ் சிட்டி வீரரை ‘பிழைத்தார்’ என்று நடுவர் டெங்கிங்கர் அறிவித்தார். அந்த ஆட்டமும் அதற்கடுத்த ஆட்டமும் கான்சாஸ் சிட்டிக்கே போயின. அப்படியும் விதி மாறவில்லை. 2008 இல்தான், அதுவும் எல்லைக்கோட்டு அடிகளுக்கு மட்டும், மறுபார்வை வந்தது.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் நகரில் நடந்தது மறக்க முடியாதது. கலராகா என்ற பந்தெறிபவர் 26 பேரை வரிசையாக வீழ்த்தியிருந்தார். இருபத்தேழாமவரும் வீழ்ந்தால் ‘முழுநிறை ஆட்டம்’ என்ற அரிய சாதனை. அவரும் வீழ்ந்தார். ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் ‘பிழைத்தார்’ என்று கை விரித்தார். படத்தைப் பார்த்த ஜாய்ஸ், தாம் தவறியதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு கலங்கினார். மறுநாள் அணிப்பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவே. இருவருடைய பண்பையும் நாடு போற்றிற்று. எனினும் தீர்ப்பு மாற்றப்படவில்லை. 2014 இல் தளத் தீர்ப்புகளுக்கும் மறுபார்வை விரிந்தது.

சங்கிலியின் பாடம்

ஃபுட்பாலில் ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஐயம் வந்தால் 10 கெஜச் சங்கிலியைக் களத்துக்குக் கொண்டுவந்து, அங்குலக் கணக்கில் அளப்பார்கள். 2025 இல் சங்கிலிக்குப் பதிலாகக் காமிராக்கள் அளக்கத் தொடங்கின. ஆனால் அளவுக்கு முன்னால் பந்தைத் தரையில் வைப்பவர் யார்? குவிந்து விழுந்த உடல்களுக்கு இடையே எட்டிப் பார்த்து, கண் மதிப்பாக வைக்கும் நடுவர்தான்! வெர்னியர் அளவி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் காட்டலாம். பொருளைச் சாய்வாகப் பிடித்தால் அந்த நுட்பத்தால் என்ன பயன்? தொடர் அளவீடுகளில் மிகக் கரடுமுரடான படிதான் மொத்தப் பிழையை நிர்ணயிக்கிறது.

சராசரியில் மறையும் பிழை, மறையாத பிழை

நடுவரின் தவறுகள் நாணயம் சுண்டுவதுபோல இரு அணிக்கும் சமமாக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு ஒரு தவறு என்றால், N ஆட்டங்களின் முடிவில் ஒரு பக்கச் சாய்வு ஏறத்தாழ N இன் வர்க்கமூலம் அளவு இருக்கும். பேஸ்பால் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. சாய்வு 13, அதாவது 8 விழுக்காடு. ஃபுட்பால் அணிக்கு 17 ஆட்டங்கள்தாம்; சாய்வு 4, அதாவது 24 விழுக்காடு. நடுவர்கள் ஒரே தரத்தினராக இருந்தாலும் ஃபுட்பால் ரசிகருக்கு அநீதி பெரிதாகத் தோன்றுவதன் காரணம் விளங்குகிறதல்லவா? 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பந்து வருமுன் நடந்த மோதலுக்கு நடுவர்கள் கொடி வீசவில்லை. அந்த ஒரே தவறின் பின் உள்ளூர் அணி இறுதிப் போட்டி வாய்ப்பையே இழந்தது. அதன் விளைவாக இத்தகைய மோதல்களையும் மறுபார்வைக்கு உட்படுத்தினார்கள். ஓர் ஆண்டிலேயே அதைக் கைவிட்டார்கள். படம் நடந்ததைக் காட்டும்; குற்றமா இல்லையா என்று சொல்லாது.

சராசரியில் மறையாத பிழையும் உண்டு. எல்லா அளவீட்டையும் ஒரே திசையில் தள்ளும் நிலைப்பிழை அது. பொருளியலறிஞர் ஹேமர்மெஷும் அவருடைய துணைவர்களும் லட்சக்கணக்கான பந்துகளை ஆராய்ந்து, 2011 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பந்தெறிபவர் நடுவரின் இனத்தவராக இருந்தால் தீர்ப்பு சிறிதளவு அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் பந்தின் தடத்தைப் பதிவுசெய்து நடுவரைச் சோதிக்கும் கருவிகள் பொருத்திய அரங்குகளில் அந்தச் சாய்வு காணப்படவில்லை! கருவி எந்தத் தீர்ப்பையும் மாற்றவில்லை. தாம் கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே போதுமானதாயிற்று.

அளக்கும் முன் வரையறு

2026 ஆட்டப் பருவத்துக்கென, பந்தெறித் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடும் ஏற்பாட்டுக்குப் பேஸ்பாலில் ஒப்புதல் தரப்பட்டது. அணிக்கு இரண்டு முறையீடுகள். வென்றால் முறையீடு கையிலேயே இருக்கும். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி முதல் முழங்காலுக்குக் கீழ்வரை என்று விதிப்புத்தகம் சொல்வது மனிதக் கண்ணுக்குப் போதும், கருவிக்குப் போதாது. ஆகவே மட்டையாளரின் உயரத்தில் 27 விழுக்காடு முதல் 53.5 விழுக்காடு வரை என்று எண்ணால் வரையறுத்தார்கள்.

இப்போது வாதத்துக்கு விடை சொல்லலாம். பேஸ்பாலின் கேள்விகள் அளவுக்கு அகப்படுபவை. ஆதலால் அங்கே திருத்தம் வளர இடம் அதிகம். ஃபுட்பாலின் கேள்விகளுள் பல, மனிதர் மனிதரை மதிப்பிடும் கேள்விகள். அங்கே காமிரா துணை நிற்கலாம். தீர்ப்பு வழங்க முடியாது. அடுத்த முறை நடுவரைத் திட்ட வாயெடுக்கும்போது, அவரிடம் கேட்கப்பட்டது எந்த வகைக் கேள்வி என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.