ஆதிக் கிறித்தவமும் கண்ணகி வழிபாடும்: ஒப்புமை பற்றிய ஓர் ஆய்வு

மட்டக்களப்புத் தமிழகத்தின் தென்பாகத்திலே, காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களில், வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் கோயிற் கதவு திறக்கப்படும். கோவலன் கொலையுண்டதும் கண்ணகி வழக்குரைத்ததும் பாடலாகப் படிக்கப்படும். ஈற்றில், மதுரையை எரித்த சினம் ஆறும்பொருட்டுக் குளிர்த்தி நிகழும். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமெனப் போற்றும் இவ்வன்னையின் வரலாற்றைச் சேரநாட்டோடு நிறுத்தாது, கடல் கடந்து மேற்காசியாவரை கொண்டு சென்றவர் பேராசிரியர் கணநாத ஒபேசேகர ஆவர். 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூல், ஒசிரிசுக்காக அழுத எகிப்தின் ஐசிசு, அத்திசுக்காக அழுத பிரிகியாவின் சிபேலி ஆகியோரின் வழிபாட்டிலே பத்தினி வழிபாட்டின் வேரைக் காண்கின்றது. முசிறி முதலான துறைகளை அடைந்த வணிகர் அதனைக் கொணர்ந்தனர் என்பது அவர் கருத்து.

இதே தெய்வங்களைச் சுட்டி இதே வினா ஆதிக் கிறித்தவம் பற்றியும் எழுப்பப்பட்டதுண்டு. பிரேசர் 1890 முதல் வெளியிட்ட ‘பொற்கிளை’ என்னும் நூல், இறந்து எழும் தெய்வங்களின் வரிசையிற் கிறித்துவையும் வைத்து எண்ணுதற்கு வழிகோலிற்று. ஆயின் ஒப்புமையை முதலிற் கண்டவர் பிற்கால ஆய்வாளர் அல்லர், கிறித்தவர்களே. கி. பி. 150 அளவில் உரோமாபுரியில் எழுதிய யுசுத்தீன் என்பார், கிறித்து கன்னியிடம் பிறந்ததும் விண்ணேறியதும் யூப்பிற்றரின் மைந்தரைப்பற்றி உரோமர் கூறுவனவற்றினும் புதியன அல்ல என்று வாதித்தார். மித்திரன் வழிபாட்டினர் அப்பமும் நீரும் வைத்துச் செய்த சடங்கு அவரை இடர்ப்படுத்தியது. அது திருவிருந்தைப் பார்த்துப் பேய்கள் செய்த போலி என்றார். இவ்விடை இன்று நகைப்பைத் தரலாம். ஆயினும், ஒப்புமையே இல்லையென்று மறுக்க இயன்றிருப்பின் அவர் மறுத்தேயிருப்பார்.

ஒப்புமை உண்டெனின், கடன் கொண்டவர் யாவர்? காலத்தை அளந்தே இதற்கு விடை காணல் வேண்டும். பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபம் கி. பி. 55 அளவினது, திருவிருந்தும் உயிர்த்தெழுதலும் அதிலேயே உள. அத்திசு உயிர்த்தெழுந்தான் என்பதற்குக் காட்டப்படும் தெளிவான சான்றுகளோ நான்காம் நூற்றாண்டின. ஒசிரிசு உயிர் பெற்றது மெய். எனினும் அவன் இறந்தோருலகின் அரசனாயினானேயன்றி இவ்வுலகிற்கு மீண்டிலன். மித்திரன் கன்னியிடம் பிறந்தான் எனச் சிலர் எழுதுவர். உரோமச் சிற்பங்களில் அவன் பாறையினின்றே வெளிப்படுகின்றான். உடல் உயிர்த்தெழும் என்னும் நம்பிக்கையோ யூதருட் பரிசேயரிடம் முன்னரே வேரூன்றியிருந்தது. எனவே, கருவான நம்பிக்கைக்கு மூலந் தேடிக் கிரேக்கரிடம் செல்லவேண்டுவதில்லை.

புறக்கோலத்தின் செய்தி வேறு. அவுரேலியன் 274 இல் ஞாயிற்றுக்குக் கோயில் எடுத்தான். 354 ஆம் ஆண்டின் உரோமத் தொகுப்பேடு ஒன்று திசம்பர் 25 ஐ வெல்லற்கரிய ஞாயிற்றின் பிறந்தநாளாகவும் கிறித்துவின் பிறந்தநாளாகவும் குறிக்கின்றது. (மார்ச் 25 ஐக் கருவுற்ற நாளாகக்கொண்டு ஒன்பது மாதங் கணக்கிட்டனர் என்பாரும் உளர்.) 601 இல் பாப்பரசர் முதலாம் கிரகோரியார், ஆங்கில நாட்டுப் பழங் கோயில்களை இடியாது, உருவங்களை மட்டும் அகற்றித் தீர்த்தந் தெளித்துக் கைக்கொள்ளுமாறு எழுதினார். 609 இல் உரோமாபுரியின் பந்தியோன் தேவாலயமாயிற்று. மக்கள் பழகிய இடமும் நாளும் புதுச் சமயத்தினுட் புகுந்தமை இங்கு வெளிப்படை.

இவ்வளவுகோலைக் கண்ணகிக்கும் பிடித்துப் பார்த்தலே நேர்மையாகும். வழி இருந்தது என்பதில் ஐயமில்லை. பியூற்றிங்கர் நிலப்படம் முசிறியருகே அகத்தசின் கோயிலொன்றைக் குறிக்கின்றது. எகிப்தின் பெரனிகேத் துறையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய ஓடு கிடைத்துள்ளது. அங்குள்ள ஐசிசு கோயில் முன்றிலிற் கண்ட புத்தர் சிலை பற்றி 2023 இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் இவை மரக்கலம் வந்துசென்றமைக்குச் சான்றாமேயன்றி, அதில் இத்தெய்வம் ஏறி வந்தமைக்குச் சான்றாகா. சிலம்பிலே, கண்ணகி தழுவக் கோவலன் எழுந்து நின்று, அவள் முகம் வாடியமை கூறி, வானவருடன் போய்விடுகின்றான். அவன் உயிர்பெற்று மீளுதலை விரித்து நடிப்பது சிங்கள மக்களின் ‘மரா இபெத்தீம’, அஃதாவது கொன்று பிறப்பித்தல், என்னும் சடங்கு நாடகமே. அதன் பாடல்கள் சிலம்பிற்கு மிகப் பிற்பட்டன. அத்திசின் கதையிற் போலவே இங்கும் உயிர்த்தெழுதலின் சான்று பிந்தியே வருகின்றது.

குளிர்த்திக்கோ ஐசிசின் விழாக்களில் இணைகாட்டல் அரிது. சிலம்பின் உரைபெறு கட்டுரை, பாண்டிநாடு மழை வறந்து வெப்புநோயுற்றதென்றும், வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு விழா எடுக்க மழை பெய்து நோய் நீங்கிற்றென்றும் கூறுகின்றது. கோடை வெம்மையில், வேப்பிலையும் நீருங் கொண்டு அன்னையைக் குளிர்விக்கும் கீழ்க்கரை வழக்கிற்கு அதுவே அணித்தான மூலமாகும்.