பத்து, இரண்டு, நான்கு

புதிய நகரம் ஒன்றில் குடியேறுவோர்க்கு முதலில் பழக்கமாவன அந்நகரின் அடையாளக் கட்டடங்களே. இன்ன மணிக்கூண்டுக்கு எதிரே இறங்க வேண்டும் என்று அறிந்த பின்னரே ஊர் நமக்குச் சிறிது சொந்தமாகிறது. அத்தகைய கட்டடம் மறையுங்கால், அதில் யாதோர் உரிமையும் இல்லாதாரும் எதையோ இழக்கின்றனர். அமெரிக்காவின் டாலஸ் நகரில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் காண்போம்.

டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோ நகரில், மாரிசன் என்பாரது மருந்துக் கடையில் பணிபுரிந்தவர் சார்லஸ் ஆல்டர்டன். அவர் பல சுவைகளைச் சோடாவிலே கலந்து 1885ஆம் ஆண்டில் ஒரு பானத்தை உருவாக்கினார். டாக்டர் பெப்பர் என்று பெயர் பெற்ற அது, கோக்கோ கோலாவுக்கு ஓராண்டு மூத்தது. அதனைப் புட்டிகளில் அடைக்கும் செங்கற் கட்டடம் 1906இல் வேக்கோவில் எழுந்தது. 1923இல் நிறுவனம் டாலஸுக்கு இடம் பெயர்ந்தது.

1920களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்டர் எடி என்பார், மனிதனது ஊக்கம் பத்தரை, இரண்டரை, நாலரை மணியளவில் தாழ்கிறது என்று கூறினார். நிறுவனத்தார் அதனை இறுகப் பற்றிக்கொண்டனர். சோர்வு வருமுன்னே 10, 2, 4 மணிக்குத் தம் பானத்தைப் பருகுமாறு விளம்பரம் செய்தனர். அம்மூன்று எண்களும் புட்டியின்மீதே இடம் பெற்றன.

1948இல் டாலஸின் மாக்கிங்பேர்டு சாலையில் புதிய தலைமை நிலையம் திறக்கப்பட்டது. அலுவலகமும் புட்டி நிரப்பும் ஆலையும் ஒருங்கே அமைந்த அம்மாளிகை, அக்காலத்து நவீன பாணியில் எழுந்தது. அதன் கோபுரத்தில் ஒரு கடிகாரம் விளங்கிற்று. மணிக்கணக்கையே வாணிகமாக்கிய நிறுவனத்துக்கு இதனினும் பொருத்தமான அணி வேறென்ன!

1980களில் நிறுவனம் கைமாறியது. பின்னர் செவன் அப் நிறுவனத்தோடு இணைந்தது. பழைய மாளிகை வெறுமையாயிற்று. அதனைக் காக்க வேண்டும் என்று நகர மக்களுள் ஒரு சாரார் போராடினர். எனினும் 1997இல் அது இடித்துத் தள்ளப்பட்டது.

விட்டுச் சென்ற வேக்கோவின் கதை வேறு. 1953ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அந்நகரைச் சூறாவளி தாக்கி 114 உயிர்களைக் கொண்டது. 1906ஆம் ஆண்டுக் கட்டடமும் சேதமுற்றது. ஆயினும் அது கைவிடப்படவில்லை. 1991 முதல் அப்பானத்தின் வரலாறு கூறும் அருங்காட்சியகமாக விளங்கி வருகிறது.

புயலில் அடிபட்ட கட்டடம் நிற்கிறது. அதனினும் நாற்பத்திரண்டு ஆண்டு இளைய மாளிகை இன்று இல்லை. ஆகவே, கட்டடங்களை வீழ்த்துவது முதுமையன்று. அவை பயனின்றிப் பூட்டிக் கிடப்பதே. மாளிகைக்கு மறுபயன் தேடும் காலம், அதன் கதவு அடைபடும் நாளே. இடிக்கும் நாள் குறித்த பின்னர் எழுப்பும் குரல் பெரும்பாலும் பயன் தருவதில்லை. நாம் வாழும் ஊர் எதுவாயினும், அந்தக் குரலை உரிய காலத்தில் எழுப்பும் கடமை, அங்கே பிறந்தாரைப் போன்றே குடியேறிய நமக்கும் உண்டு.