அங்கன்வாடி ஆசிரியர் பயிற்சி

ஏழைக் குடியிருப்புகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிப்போரை உருவாக்கும் பயிற்சி, இந்தியாவில் ஓர் எளிய கண்டுபிடிப்பால் திசை மாறியது: ஆசிரியர் எதைக் கற்கிறார் என்பதைப் போலவே எங்கே கற்கிறார் என்பதும் முக்கியம். 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, மாண்டிசோரி முறையை நாட்டுப் பாட்டுக்கும் கதைக்கும் இசைய மாற்றினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டிக்குச் சென்றார். அனுதாய் வாக் அங்கே அவருக்குத் துணையானார்.

பள்ளி திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் ஆடுமாடு மேய்ப்பதும் அவர்கள் வேலை. எனவே பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. மராத்தியில் ‘அங்கண்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் பிறந்தது அப்படித்தான். பிள்ளைகளைக் கூட்டி வருவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, சிப்பியையும் விதையையும் கூழாங்கல்லையும் வைத்து எண்ணக் கற்பிப்பது என எல்லாமே ஆசிரியர் வேலையாயின. 1957இல் கோஸ்பாட் குன்றுக்கு இடம்பெயர்ந்த பிறகு வார்லிப் பழங்குடியினரிடையே இப்பணி தொடர்ந்தது.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது; முறை கூடவே போகவில்லை. ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று மட்டுமே. சத்துணவு, தடுப்பூசி, பதிவேடு என எல்லாவற்றையும் பயிற்சி நாள்கள் பங்கிட்டுக்கொண்டன. ‘பாலர்’ என்ற பொருள் மறைந்து, அங்கன்வாடியைக் குறிக்கும் பால்வாடி என்ற சொல்லில் தமிழ்க்காது பாலையே கேட்பது, கல்வி பின்தள்ளப்பட்ட இந்நிலைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

அங்கன்வாடிகளில் கற்பிக்கும் குறைந்த படிப்புள்ள உள்ளூர்ப் பெண்களை விட்டுவிட்டுப் பட்டதாரிகளை நியமிக்கலாமே என்பார்கள். வீட்டுமொழி தெரியாத பட்டதாரியிடம் மூன்று வயதுக் குழந்தை வாய் திறக்காது. குறை பெண்களிடம் இல்லை, பயிற்சியில்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அவர்களை மாற்றச் சொல்லவில்லை: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கு ஆறு மாதச் சான்றிதழ், மற்றோருக்கு ஓராண்டுப் பட்டயம் என்றது. ஆனால் அதைத் தொலைநிலையில், கைப்பேசி வழியாகவும் நடத்தலாம் என்றது. நேரடி வகுப்பு மாதம் ஒன்றாவது இருந்தால் போதும் என்றது; இது போர்டியின் வழி அல்ல. போர்டியின் வெற்றி இரு அபூர்வப் பெண்களின் ஆளுமையால் வந்தது, அதை நாடெங்கும் பெருக்க முடியாது என்ற மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆளுமையைப் பெருக்க முடியாதுதான். ஆனால் அனுபவமுள்ள ஒருவர் குழந்தைகள் நடுவே உடன் அமர்ந்து கற்றுத்தரும் ஏற்பாட்டைப் பெருக்கலாம். சிப்பிக்கும் விதைக்கும் செலவில்லை. அந்த ஒருவரின் நேரத்துக்குத்தான் அரசு பணம் ஒதுக்க வேண்டும்.