பேசுகிற அம்பேத்கருக்காகக் காத்திருந்தோம்

சேரிகளில் அம்பேத்கர் நமக்குச் சிலையாகத்தான் அறிமுகமானார். நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தச் சிலையையும் இரும்புக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். சாதிவெறியர்கள் உடைத்துவிடுவார்களாம், பாதுகாப்புக்காம். உடைக்கிறவனை வெளியே விட்டுவிட்டு, உடைபடுகிறவரைக் கூண்டில் ஏற்றுகிற நியாயம் இது. எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் ஒருமுறை கேட்டார்: "வெரலை நீட்டி என்னமோ சொல்றாரே, என்னப்பா சொல்றாரு?" இந்தக் கேள்விக்குத் திரையில் பதில் கிடைக்க நாம் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1982இல் வெளிவந்த அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் இந்திய அரசின் பணமும் இருந்தது. அம்பேத்கர் அதில் இல்லை. பூனா ஒப்பந்தம் என்று ஒன்று நடந்ததாகவே அந்தப் படத்துக்குத் தெரியாது. ஜப்பார் படேல் எடுத்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படத்துக்காக மம்முட்டி 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார். அந்தப் படம் தமிழ் பேசி நம் தியேட்டர்களுக்கு வந்ததோ 2010 டிசம்பரில். அதற்கும் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அரசு விருது கொடுக்கும். படப்பெட்டியை மட்டும் திறக்காது.

இந்த வரிசையில்தான் ஷியாம் பெனகலின் 'சம்விதான்' தொடரை நான் வைத்துப் பார்க்கிறேன். அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களை எடுத்துக்கொண்ட பத்துப் பகுதிகள். மராத்தி நடிகர் சச்சின் கெடேகர் அம்பேத்கராக நடித்தார். 2014 மார்ச் 2 முதல் மாநிலங்களவைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நாடே மக்களவைத் தேர்தலில் மூழ்கிக் கிடந்த நேரம். நான் படிக்கிற தமிழ்ப் பத்திரிகைகளில் சினிமா எழுதுகிறவர்கள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், இதில் காட்சி எங்கே இருக்கிறது என்கிற அலட்சியம். ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டித் தள்ளி நிறுத்தப்பட்டவனுக்குத் தெரியும், சபை நடுவில் எழுந்து நின்று ஒருவன் பேசுவது எப்பேர்ப்பட்ட காட்சி என்று.

அடுத்த ஞாயிறு முதல் எங்கள் படிப்பகத்தில் இதைத் திரையிடப் போகிறோம். இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. தெரிந்த பசங்க பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்கள். வருகிறவர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அந்தச் சபைக்குள் அவரை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஜோகேந்திரநாத் மண்டலும் தோழர்களும் பாடுபட்டு 1946இல் வங்காளத்திலிருந்து அனுப்பினார்கள். பிரிவினையில் அந்த இடம் பறிபோனது. 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து மறுபடி வந்தார். ஆகஸ்ட் 29இல் வரைவுக் குழு அமைந்தது. குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்குச் சமஸ்தான வேலை, ஒன்றிரண்டு பேர் டெல்லிக்குத் தொலைவில். பாரம் முழுக்க அம்பேத்கர் தோளில் விழுந்ததைச் சபையிலேயே எழுந்து சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1948 நவம்பர் 5இல். 'அவர் தனியாவா எழுதினார்?' என்று நம்மிடம் வம்புக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒரு தேதி போதும்.

அதே மாதம் 29ஆம் தேதி தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறியது. இன்று அது 17ஆம் பிரிவு. அன்று சென்னை மாகாணத்தின் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை பேசினார். அதே மாகாணத்திலிருந்து தேர்வான தாட்சாயணி வேலாயுதனும் பேசினார். சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். தொடர் இவர்களுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

இன்னொன்று. சட்டம் பிறந்த கதையை எல்லாரும் கூடிச் செய்த கல்யாண வீடாகச் சொல்லிவிடுவது சுலபம். 1949 நவம்பர் 25இல் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும் சமூகத்தில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்று. 1953 செப்டம்பர் 2இல் மாநிலங்களவையில், இதைக் கொளுத்த வேண்டும் என்றால் முதல் ஆளாக நானே கொளுத்துவேன் என்றார். 1955இல் அதே அவையில் விளக்கமும் சொன்னார்: தெய்வத்துக்குக் கட்டிய கோயிலில் பேய் குடியேறிவிட்டால் வேறென்ன செய்வது?

இந்தத் தொடரை ஒளிபரப்பியது அந்த அவையின் தொலைக்காட்சிதான். 2021இல் அது சன்சத் டி.வி.யில் கரைந்துவிட்டது. நிர்ணய சபை கலைந்த பிறகு அவர் பேசிய கோபத்தையும் சேர்த்துப் பேசினால்தான் அவர் முழுசாகப் பேசினார் என்று அர்த்தம். அதைப் பத்தாவது பகுதி முடிந்த அன்று நாம் பேசுவோம். நோட்டும் பேனாவும் கொண்டு வாங்க.