புலிவார்டு ரோட்டில் புலி இல்லை

திருச்சி மலைக்கோட்டை என்று இன்றும் சொல்கிறோம். மலை இருக்கிறது. நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். சரி, கோட்டை எங்கே? ஊரைச் சுற்றி நின்ற மதிலையும் அகழியையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துவிட்டார்கள். பெரிதாக மிஞ்சியது மேற்குப் பக்கம் இருக்கிற மெயின்கார்டு கேட். துணி எடுக்க அதற்குள் நுழைகிற கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் கோட்டை வாசலாகப் பார்க்கிறார்கள்?

மதிலோடு கூடிய ஊரைப் பார்க்க நான் திரும்பத் திரும்பப் போவது தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரின் படங்களுக்கு. 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பிய இவர்கள் தெற்கே மதுரை, பாபநாசம் வரை சுற்றினார்கள். கையில் கேமரா அப்ஸ்குரா இருந்தது. லென்ஸ் வழியே காட்சி காகிதத்தில் விழும், பென்சிலால் அப்படியே கோடு இழுத்துக்கொள்ளலாம். பிறகு லண்டனில் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார்கள். 1795 முதல் 1808 வரை ‘ஓரியன்டல் சீனரி’ என்று 144 படங்கள் வந்தன. 1797-98இல் வந்த இரண்டாம் தொகுப்பில் தென்கிழக்கிலிருந்து பார்த்த திருச்சி இருக்கிறது. 83 மீட்டர் பாறையும் அதன் காலடியில் கோட்டையூரும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன.

படத்தில் அப்படி ஓர் அமைதி. அதுதான் என்னை உறுத்துகிறது. 1751இலிருந்து 1754 வரை இந்த ஊரைப் பிடிக்க முற்றுகைமேல் முற்றுகை. 1790 கடைசியில் திப்புவின் படை ஸ்ரீரங்கம் வரை வந்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தம். அடுத்த மாதமே ஓவியர்கள் பயணம். படை திறந்துவிட்ட பாதையில்தான் தூரிகை நடந்தது.

அதே ஒப்பந்தத்தில் திப்பு கொடுத்த நிலங்களில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. அல்லிநகரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு அது வெறும் பாடப்புத்தக வரி இல்லை. எங்கள் பள்ளத்தாக்கின் பாளையங்கள் அந்தத் திண்டுக்கல் கோட்டைக்குத்தான் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. கோட்டை கைமாறியதும் இங்கே மேற்கு மலை அடிவாரம் வரை எல்லாம் கைமாறிவிட்டது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கை வரைய டேனியல்கள் வரவில்லை. எங்க பக்கம் கம்பெனி வந்தது படம் எழுத இல்லை, வரிக்கணக்கு எழுத.

அதற்காகப் படத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. மதிலை இடித்த பிறகு, அது நின்றதற்கு நல்ல சாட்சி அந்தப் படம்தான். பாறையின் வளைவு, கோட்டையின் நீளம் எல்லாம் கண்ணால் அளந்து எடுத்தவை. சண்டையைச் சொல்லவில்லையே தவிர, கல்லைச் சரியாகச் சொல்கிறது. சண்டைக்கு நாம் வேறு ஏடுகளைத் திறக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை திருச்சி போனால் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்ற பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். புலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பூல்வார்ட்’ என்கிற அகலச் சாலைதான் நம்ம வாயில் புலியாகிவிட்டது. பழைய மதிலும் அகழியும் ஓடிய தடம் அது.