முன்னாள் படைவீரர் மறுவாழ்வும் நம் கடமையும்

படைத்தொழில் நம் மக்களுக்குப் புதியதன்று. 1780-இல் இரு கம்பெனிகளாகத் தோன்றிய சென்னைப் பயனியர் படையே பின்னர் மதராஸ் சாப்பர்ஸ் எனப் பெயர் பெற்றது. பாதையும் பாலமும் அமைத்த அப்படையில் ஆதிதிராவிடர் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர்.

பம்பாய் மாகாண வரலாறோ நமக்கொரு பாடமாகும். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் இராம்ஜி, இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கியவர். அத்தகைய குடும்பங்களைப் படைப்பணியும் கல்வியும் உயர்த்தின. ஆயினும் 1890-களில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. முதல் உலகப் போரில் திறந்த கதவு போர் முடிந்ததும் மூடிற்று. 1941-இல்தான் மகார் படைப்பிரிவு அமைந்தது. சலுகையாய் வந்தது பறிபோகும். சட்டமாய் வந்ததே நிலைக்கும்.

இன்று நமக்குச் சட்டம் உண்டு. மத்திய அரசின் 1979-ஆம் ஆண்டு விதிகள் முன்னாள் படைவீரர்க்கு வேலையில் இடஒதுக்கீடு வகுத்தன. 1986-இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம், ஓய்வுபெற்ற வீரர்களைக் காவல் முதலிய பணிகளில் அமர்த்துகிறது. வீட்டின் நிலை வேறு. 1978-இல் தோன்றிய இராணுவ நல வீட்டுவசதி அமைப்பின் வீடுகளை உறுப்பினர் தம் பணம் செலுத்தியே பெறவேண்டும். கொங்கு நாட்டுக் காலனியொன்றில் ஓரறை வீட்டுக்குத் திரும்பும் சிப்பாய்க்கு அது எட்டாக்கனியே.

இளைஞர்களே! நம் தெருவிலுள்ள முன்னாள் வீரர்களையும், வீரர்தம் விதவையரையும் கோவை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்விப்பீர். மனு எழுதித் தருவீர். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்.